தண்ணீருக்கடியில் சிவப்பு எங்கே போகிறது? – வெண்சமநிலையைக் கையால் அமைக்கும் முறை



விடுமுறையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்குப் போய்வந்த மாணவர்கள் கடலடிப் படங்களைக் காட்டுவார்கள். பவளம், மீன், நண்பன் முகம் எல்லாமே நீலமாகத்தான் இருக்கும். "கேமரா சரியில்ல சார்" என்பார்கள். கோளாறு கேமராவில் இல்லை. இது நம் ஒளியியல் பாடம்.

காரணம் என்ன?

தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் உட்கவர்வதில்லை. தூய நீரில் 5 மீட்டர் கடப்பதற்குள் சிவப்பு ஒளியில் (650 நானோமீட்டர்) சுமார் ஐந்தில் நான்கு பங்கு போய்விடும். நீல ஒளியில் (450 நானோமீட்டர்) இருபதில் ஒரு பங்குதான் குறையும்.

ஒரு கணக்கு: மீன் 4 மீட்டர் ஆழத்தில், கேமரா அதிலிருந்து 1 மீட்டர் தள்ளி. ஒளி தண்ணீரில் கடக்கும் தூரம் 4 + 1 = 5 மீட்டர். பலர் ஆழத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், அது தவறு.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ரேலி கருதினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன், 1921இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது இதைச் சோதித்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார்.

எப்படி அமைப்பது?

எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரியாது. நாம்தான் காட்டித் தர வேண்டும்.

1. பளபளப்பில்லாத வெள்ளை அல்லது சாம்பல் நிற பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
2. படம் எடுக்கும் அதே ஆழத்துக்குப் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.
3. மெனுவில் 'ஒயிட் பேலன்ஸ்' பகுதியில் 'கஸ்டம்' அல்லது 'மேனுவல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. பலகை திரையை நிறைக்கும்படி பிடித்துப் பதிவு செய்யுங்கள்.
5. இரண்டு மூன்று மீட்டர் ஆழம் மாறினால் மறுபடியும் அமையுங்கள்.
6. இந்த அமைப்பில் பிளாஷ் வேண்டாம். போட்டால் கிட்டே இருப்பது செக்கச்செவேலென்று வரும்.

எது முடியாது?

மிஞ்சியிருக்கும் சிவப்பைக் கேமரா பெருக்கிக் காட்டும், இல்லாததை உண்டாக்காது. 15 மீட்டர் கடந்தால் சிவப்பு நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அங்கே விளக்கு வேண்டும். சுங்கை பெசார் கரையோரக் கடலைப் போல சேறு கலந்த தண்ணீரிலும் இது அதிகம் உதவாது. சேற்றுத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் மங்கலை நிறத் திருத்தம் நீக்காது.

அழகுக்காக மட்டுமா?

இல்லை. கடல் சூடானால் பவளம் வெளுத்துப்போகும். 2010இல் தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்களை இதற்காகவே மூடினார்கள். வெண்சமநிலை தவறினால் நல்ல பவளமும் வெளிறித் தெரியலாம். அந்தப் படம் சான்றாகாது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் 'கோரல்வாட்ச்' திட்டம் நிற அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் வைத்தே ஒப்பிடுகிறது.

வகுப்பறையில்

கடலுக்கோ வாய்க்காலுக்கோ போக வேண்டாம். செம்பருத்திப் பூவையும் வெள்ளைத் தாளையும் சன்னலோரம் வையுங்கள். கைப்பேசிக் கேமராவை நீலக் கண்ணாடித்தாள் ஒன்றால் மூடி, 'புரோ' முறையில் கெல்வின் அளவை நகர்த்துங்கள். தாள் ஓரளவு வெள்ளையாகும். பூவிலும் சிவப்பு தெரியும். பிறகு நான்கு தாள்களை அடுக்கிப் பாருங்கள். எவ்வளவு நகர்த்தினாலும் பூ கருத்தே இருக்கும். ஏன் என்று மாணவர்களையே சொல்ல விடுங்கள்.

தேர்வுக்கு

மலாயில் விடை எழுதுவோர் கவனிக்கவும். 'பெஞெராப்பான்' என்றால் உட்கவர்தல்; 'பெஞெராக்கான்' என்றால் சிதறல். ஓர் எழுத்து மாறினால் விடையே மாறிவிடும். "ஆழத்தில் சிவப்பு மீன் ஏன் கருப்பாகத் தெரிகிறது?" என்று கேட்டால் இரண்டு படிகளையும் எழுதுங்கள்: சிவப்பு ஒளியை நீர் உட்கவர்ந்துவிட்டது, ஆகவே மீன் பிரதிபலிக்கச் சிவப்பு ஒளி இல்லை. முதல் படியோடு நிறுத்தினால் விளக்கம் பாதியில் நின்றுவிடும்.