பழைய ஜெட் படகும் இரண்டு சிலிண்டர்களும்

இந்த ஆண்டு மலருக்குப் படிப்போடு தொடர்புடைய ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பேரவைத் தம்பி தங்கைகள் கேட்டார்கள். நான் படித்த இயந்திரப் பொறியியலில் தேர்வுக்குப் பிறகும் மறக்காமல் இருப்பவை குறைவு. அவற்றுள் ஒன்றை மனத்தில் பதியவைத்தது நியூசிலாந்தில் கண்ட ஒரு பழைய ஜெட் படகு. இதற்குத் தமிழில் ‘தாரைப் படகு’ என்று பெயர் வைக்கலாம். நம் பேரவைக் கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கையில் கிரீஸ் ஒட்டியிருக்கும்போது வாயில் வருவது ஜெட் என்ற சொல்தான். அப்படியே எழுதுகிறேன்.

ஜெட் படகு நியூசிலாந்தில் வளர்ந்ததற்குக் காரணம் அந்நாட்டு ஆறுகள். தென் தீவின் மலைகளிலிருந்து இறங்கும் ஆறுகள் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகின்றன. பல இடங்களில் ஆழம் கணுக்கால் அளவுதான். சாதாரணப் படகின் விசிறி கல்லில் மோதி உடைந்துவிடும். பில் ஹாமில்டன் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர் 1954இல் இதற்கு வழி கண்டார். படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, பின்புறம் வேகமாகப் பீய்ச்சி, அந்த உந்துதலிலேயே படகை ஓட்டினார். அடியில் நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது. 1977இல் எட்மண்ட் ஹில்லரி குழுவினர் கங்கையின் முகத்துவாரத்திலிருந்து இமயத்தை நோக்கி ஆற்றை எதிர்த்துச் சென்றதும் இந்த வகைப் படகுகளில்தான்.

2008இல் வேலை நிமித்தமாகக் கிறைஸ்ட்சர்ச்சில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். அவருடைய படகுக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காரிலிருந்து கழற்றி மாட்டிய 5.7 லிட்டர் ஷெவர்லே வி8 இயந்திரம் அதில் இருந்தது. ஒரு சனிக்கிழமை வைமாக்காரிரி ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது படகு மெல்ல வேகம் இழந்தது. ஜெட் படகு வேகமாகப் போகும்போது நீரின் மேல் எழும்பி ஓடும். பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் ஆழமே போதும். வேகம் குறைந்தால் நீரில் அமிழ்ந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இதற்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் நீரைத் திருப்பித்தான் படகைத் திருப்ப வேண்டும். விசை போனால் திசையும் போய்விடும். நடு ஆற்றுக் கல்திட்டு ஒன்றில் தரைதட்டி நின்றோம். பனி உருகி வந்த நீரில் இடுப்பளவு நனைந்து படகைத் தள்ளினோம். அடுத்த கிளையின் ஓரத்தில் வேருடன் சாய்ந்து கிடந்த வில்லோ மரத்தைப் பார்த்தபோதுதான் எங்கே போய் மோதியிருப்போம் என்பது புரிந்தது.

“ஜெட் தேய்ந்துவிட்டது” என்றார் வீட்டுக்காரர். நானும் நம்பினேன். இரண்டு வார இறுதிகளை ஜெட்டைக் கழற்றுவதிலேயே கழித்தோம். வடிகட்டிக் கம்பிகளில் களை இல்லை. தண்டைக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்றியது. உள்ளே சுழலும் இம்பெல்லரின் விளிம்பும் நன்றாகவே இருந்தது. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியில் சாய்ந்துகொண்டு, “முழு விசையில் முள் எத்தனை சுற்றுக் காட்டியது?” என்று கேட்டார். முன்பெல்லாம் நிமிடத்துக்கு 4,000 என்றும் அன்று 3,600 என்றும் சொன்னோம். “அப்படியானால் ஏன் ஜெட்டைக் கழற்றினீர்கள்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இது நான் தேர்வில் எழுதிய பாடம். மூடிய குழாய்க்குள் சுழலும் பம்பு எவ்வளவு விசையை விழுங்கும் என்பது பெரும்பாலும் அதன் சுழல் வேகத்தைப் பொறுத்தது. படகு நிற்கிறதா ஓடுகிறதா என்பது அதற்குப் பெரிய கணக்கில்லை. ஆகவே ஜெட், இயந்திரத்தின் பலத்தை அளக்கும் கருவியாகவும் இருக்கிறது. களை அடைத்தாலோ, காற்றை உறிஞ்சினாலோ, இம்பெல்லர் தேய்ந்தாலோ சுமை குறையும். சுற்று கூடும், படகு மட்டும் போகாது. தண்டு தடையின்றிச் சுற்றியும் சுற்று குறைந்தால் குறை இயந்திரத்தில்தான். பம்பின் விசை சுழல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 3,600ஐ 4,000ஆல் வகுத்தால் 0.9. அதன் மும்மடி ஏறத்தாழ 0.73. அதாவது 27 விழுக்காடு பலம் காணோம். எட்டு சிலிண்டரில் இரண்டு படுத்துவிட்டால் 25 விழுக்காடு. காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டபோது கழற்றுவதற்கு முன்பே விடை பாதி தெரிந்துவிட்டது.

அழுத்தச் சோதனை செய்தோம். இயந்திரம் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, விசைப்பிடியை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் மானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். ஆறு சிலிண்டர்கள் 150 பவுண்டுக்கு அருகில் காட்டின. மூன்றாவதும் ஐந்தாவதும் 70ஐத் தாண்டவில்லை. ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை; ஏறியிருந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வகை இயந்திரத்தில் மூன்றும் ஐந்தும் பக்கத்துப் பக்கத்து அறைகள். அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நடுவிலுள்ள கேஸ்கெட். தலைப்பகுதியைத் திறந்தோம். இரண்டு அறைகளுக்கும் இடையில் விரல் அகலத்துக்குக் கேஸ்கெட் கருகிக் காணாமல் போயிருந்தது.

புதிய கேஸ்கெட் வாங்கிவர வீட்டுக்காரர் கிளம்பிவிட்டார். அது ஏன் கருகியது என்று பார்க்காமல் மாட்டினால் அடுத்த கோடையில் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும் என்று தடுத்தேன். வெப்பமானியின் முள் ஓராண்டாக நடுவிலேயே நிற்கிறது என்பதை அவர் அப்போதுதான் சொன்னார்! இந்தப் படகில் இயந்திரத்தைக் குளிரவைப்பது ஜெட் தள்ளும் ஆற்றுநீர். பனிப்பாறை அரைத்த கல்மாவு கலந்து அந்த நீர் பால்போல இருக்கும். இயந்திரத்தின் பக்கவாட்டில் நீர் வடிக்கும் திருகைக் கழற்றினோம். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் சாம்பல் நிறச் சேறு கொட்டியது. ஒரு வாளிக்குக் குறையாது. பிறகு நீர்வழியில் மணல் வடிகட்டி ஒன்றைச் சேர்த்தோம், வெப்பமானியையும் மாற்றினோம்.

தலைப்பகுதி வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துச் சரிபார்த்தோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில் 65 அடி-பவுண்டுக்கு முறுக்கினோம். அந்த போல்ட்டுகள் நீர்வழிக்குள் இறங்குபவை. மரையில் அடைப்புப் பசை தடவ மறந்தால் நீர் கசியும்.

கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எரிபொருள் பம்பு சாதாரணக் கார் பம்பு. அதன் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும். காரில் அது சாலையில் விழும். படகிலோ அடித்தளத்தில் தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அங்கேயே கிடந்து ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். யாரோ காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்த பிறகு படகில் ஏற மறுத்துவிட்டேன். படகுக்கென்றே செய்த பம்பு வரும்வரை இரண்டு வாரம் காத்திருந்தோம்.

வண்டியில் வைத்தே சோதித்தபோது முதலில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகுதான் தோட்டக்குழாயைத் திறந்தோம். நிறுத்தும்போது முதலில் நீரை மூடினோம். மாற்றிச் செய்தால் புகைவழியாக நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். ஜெட்டின் பின் தாங்கிக்கும் நீர்தான் எண்ணெய் என்பதால் அதிக நேரம் ஓட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அதே ஆற்றில் முழு விசை கொடுத்தார். முள் 3,950இல் நின்றது. மீதி 50 சுற்று எங்கே போனது, கார்புரேட்டரா வயதா என்று கரை சேரும்வரை இருவரும் வாதிட்டோம். அவர் பென்சிலை எடுத்து டாஷ்போர்டின் ஓரத்தில் தேதியையும் எண்ணையும் குறித்துக்கொண்டார்.