சில்லறைச் சரக்கும் இருப்புப்பாதையும்

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தொலைவு. ஆயினும் இவ்விரு ஊர்களிலிருந்தும் நாள்தோறும் வெளியே செல்லும் பண்டங்கள் பலதிறத்தன. இராஜபாளையத்து ஆலைகள் நூலை அனுப்புகின்றன. அவ்வூரிலும் அருகிலுள்ள சத்திரப்பட்டியிலும் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியும் பஞ்சும் உருவாகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறியாதார் தமிழகத்தில் இலர். அதே ரயில் பாதையில் சற்றுக் கிழக்கே சிவகாசி இருக்கிறது. நாட்காட்டி, நோட்டுப் புத்தகம், தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றுக்கு அது பேர்போனது. இப்பண்டங்கள் வடநாட்டுச் சந்தைக்கு எவ்வாறு போய்ச் சேருகின்றன, அவற்றை ரயிலில் அனுப்புவது ஏன் எளிதாக இல்லை என்பதையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நூற்பாலை ஒன்று நூலை அனுப்பும்போது ஒரு லாரியே நிறைந்துவிடுகிறது. ஆலை வாயிலில் ஏற்றிக் கதவை அடைத்தால், வாங்குவோர் வாயிலில்தான் அதைத் திறக்கவேண்டும். இது முழுச் சுமை. சிறு கூடம் ஒன்றில் கட்டுத்துணியை வெட்டி, மடித்து, சிப்பமாகக் கட்டுபவரின் நிலை வேறு. பாட்னாவுக்குப் பன்னிரண்டு சிப்பம், கான்பூருக்கு ஐந்து சிப்பம் என்று அவருக்கு ஆர்டர் வருகிறது. அவற்றுக்காகத் தனி லாரி அமர்த்தினால் சரக்கின் மதிப்பை வாடகையே விழுங்கிவிடும். ஆகவே அவர் லாரிப் பார்சல் ஆபீசுக்குச் செல்கிறார். அங்கே பலருடைய சிப்பங்களோடு அவருடையவையும் ஒரு லாரியில் இடம் பெறுகின்றன. இதுவே பகுதிச் சுமை, அல்லது சில்லறைச் சரக்கு. முழுச் சுமைக்குக் கிலோவுக்கு ஆகும் கூலியைவிட இதற்கு ஆகும் கூலி மிகுதி.

ஏன் மிகுதி? தொலைவு இருவருக்கும் ஒன்றுதானே? ஆம், ஆனால் கைகள் ஒன்றல்ல. சில்லறைச் சிப்பம் முதலில் உள்ளூர் ஆபீசில் இறங்குகிறது. பின்னர்ப் பெருநகரக் கிடங்கில் இறங்கி, ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் ஏறுகிறது. போய்ச்சேரும் மாநிலத்தில் இன்னொரு கிடங்கு. அங்கிருந்து சிறு வண்டி. இறங்கும் இடந்தோறும் எண்ணவேண்டும், எழுதவேண்டும், தூக்கவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிப்பம் நனையலாம், கிழியலாம், வேறு ஊருக்கே போய்விடலாம். சில்லறைச் சரக்கின் செலவில் பெரும்பகுதி சாலையில் ஆவதன்று. கிடங்கின் தரையில் ஆவது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

ரயிலின் வலிமையோ நேர்மாறான இடத்தில் இருக்கிறது. எஃகுத் தண்டவாளத்தின்மீது எஃகுச் சக்கரம் உருளும்போது எழும் தடை, சாலையில் ரப்பர்ச் சக்கரத்துக்கு எழும் தடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எனவே நெடுந்தொலைவு இழுப்பதில் ரயிலுக்கு நிகர் இல்லை. ஏற்றி இறக்கிப் பிரிப்பதில் அதற்கு யாதொரு தனிச்சிறப்பும் இல்லை.

இந்த உண்மையை நம் பழைய சரக்கு முறை கருதவில்லை. விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் பாதை 1927-இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் சிறு வணிகர் இரண்டு மூட்டைகளைக் கூட்ஸ் ஷெட்டில் கொடுத்து ரசீது பெறலாம். பலருடைய மூட்டைகள் ஒரே வேகனில் ஏறும். பெரிய சந்திப்புகளில் அவை இறக்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, வேறு வேகன்களில் ஏறும். நமது பாதை மீட்டர் கேஜ் பாதையாக இருந்தமையால், அகலப் பாதை தொடங்கும் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி கைமாற்ற வேண்டியிருந்தது. கிடங்கின் வேலை முழுவதையும் ரயில்வே தன் தலைமேல் சுமந்துகொண்டது என்றே சொல்லவேண்டும். வேகன்கள் ஓடியதைவிட நின்றதே அதிகம். லாரிகள் பெருகியபின் இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1980-களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நமது பாதை அகலப் பாதையாயிற்று. ஆனால் அதற்குள் சில்லறைச் சரக்கு கூட்ஸ் ஷெட்டை விட்டே போய்விட்டது.

இதற்கிடையில் உலகில் வேறொரு மாறுதல் நிகழ்ந்தது. 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டகங்களை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கை மாற்றாமல் பெட்டகத்தையே வண்டிக்கு வண்டி மாற்றலாம் என்பது இம்முறையின் கரு. இந்திய ரயில்வே 1966-இல் உள்நாட்டுப் பெட்டகப் போக்குவரத்தைத் தொடங்கியது. 1988-இல் கன்டெய்னர் கார்ப்பரேஷன் என்னும் பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. கொங்கண் ரயில்வே 1999 முதல் சுமையேற்றிய லாரிகளையே தட்டை வேகன்களில் ஏற்றிச் செல்கிறது. அமெரிக்காவில் பார்சல் நிறுவனங்கள் ஊர் ஊராய்ச் சிப்பங்களைத் திரட்டிப் பெட்டகத்தில் அடைத்து, நடுவிலுள்ள நெடுந்தொலைவுக்கு மட்டும் ரயிலை அமர்த்துகின்றன. ரயிலின் கண்ணுக்கு அங்கே சில்லறை என்பதே இல்லை. அது காண்பது நிறைந்த பெட்டகம் ஒன்றே. திரட்டுவது லாரி, இழுப்பது ரயில், பகிர்வது மீண்டும் லாரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. சந்தை நிலவரம் அல்ல. ஒரு பெட்டகத்தை டெல்லிக்கு அனுப்ப 60,000 ரூபாய். அதில் 20 டன் ஏற்றினால் கிலோவுக்கு 3 ரூபாய். 10 டன் என்றால் 6. 5 டன்தான் சேர்ந்தது என்றால் 12. இரு முனைகளிலும் திரட்டவும் பகிரவும் கிலோவுக்கு 4 ரூபாய் சேர்த்தால் முறையே 7, 10, 16 ரூபாய் ஆகிறது. லாரியில் பகுதிச் சுமைக்கு 11 ரூபாய் என்று கொண்டால், பாதி நிறைந்த பெட்டகம்கூட மயிரிழையில் வெல்கிறது. கால்பாகம் நிறைந்தது படுதோல்வி அடைகிறது. ஆகவே ரயிலா லாரியா என்ற கேள்விக்கு விடை தண்டவாளத்தில் இல்லை. பெட்டகம் எவ்வளவு நிறைந்தது என்பதில் இருக்கிறது.

நிறையும் வரை காத்திருக்கலாமே எனச் சிலர் கேட்கலாம். காத்திருப்பதற்கும் விலை உண்டு. இராஜபாளையத்துச் சிறு உற்பத்தியாளர் கடன் வாங்கி நூல் வாங்கியிருப்பார். சரக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பணம் வரும். மருத்துவமனைக்குச் சரக்களிப்பவர் ஒப்புக்கொண்ட நாளில் கேட்பார். லாரிப் பார்சல் ஆபீசில் நாள்தோறும் வண்டி புறப்படும் என்ற நம்பிக்கை இருக்கிறது. பெட்டகம் வாரத்துக்கு ஒருமுறைதான் என்றால், கூலி குறைந்தும் அவர் லாரியையே நாடுவார். அவரைக் குறைகூற இயலாது.

எல்லாப் பண்டத்தையும் ஒன்றாய் அடைக்கவும் இயலாது. பால்கோவா காத்திருக்காது, பேருந்தும் பயணி ரயிலுமே அதற்கு ஏற்றவை. பட்டாசும் தீப்பெட்டியும் தீப்பற்றும் பொருள்கள். பஞ்சோடு ஒரே பெட்டகத்தில் அவற்றை வைக்க யாரும் துணியார். ஆனால் பஞ்சும் அச்சுக் காகிதமும் அருமையான இணை. பஞ்சு இடத்தை அடைக்கும், எடை ஏறாது. நாட்காட்டிக் கட்டுகள் எடை ஏறும், இடத்தை அடைக்கா. கீழே காகிதம், மேலே பஞ்சு என்று அடுக்கினால் எடையும் இடமும் ஒருங்கே நிறையும். தனித்தனியே அனுப்பினால் ஒருவர் வெற்றிடத்துக்கும் மற்றவர் ஏற்றாத எடைக்கும் கூலி கொடுக்க நேரும். ஒரு பெட்டகத்தில் பலர் சரக்கு இருக்கையில், ஒருவரது வரிச்சீட்டு பிழையாயிருந்தாலும் அனைவரது சரக்கும் நிற்க நேரலாம் என்பதையும் மறக்கலாகாது.

தொலைவும் ஓர் எல்லை வகுக்கிறது. பெட்டகத்தைத் தூக்கி வைக்கும் செலவு 100 கிலோமீட்டருக்கும் 2,000 கிலோமீட்டருக்கும் ஒன்றே. மலைக்கு அப்பாலுள்ள கொல்லத்துக்கு லாரியே போதும். டெல்லியோ ரயில் வழியில் 2,700 கிலோமீட்டருக்கு மேல். அங்குதான் பெட்டக முறை பயன்தரும். ஆயினும் பெட்டக ரயில் ஒன்றுக்கு 45 வேகன்களும், இருபதடிப் பெட்டகங்கள் 90-உம் வேண்டும். நம் இரண்டு ஊர்களும் சேர்ந்தாலும் அத்தனை திரளா. ஆதலால் சென்னை போன்ற பெரிய நிலையத்தில் பிற ஊர்ப் பெட்டகங்களோடு சேரவேண்டும். அதுவரை 550 கிலோமீட்டருக்குக் குறையாமல் சாலையிலேயே போவதென்றால் ஆதாயத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

பயணி ரயிலில் இணைந்த சரக்கறைகள் இன்னொரு வழி. ரயில்வே அவ்வறைகளை, ஒன்றுக்கு 4 டன் என்ற அளவில், தனியாருக்குக் குத்தகைக்கு விடுகிறது. குத்தகைக்காரர் சில்லறைச் சிப்பங்களைத் திரட்டி நிரப்புகிறார். செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் பொதிகை விரைவுவண்டி நம் இரண்டு ஊர்களிலும் நிற்கிறது; ஆனால் இடைநிலையங்களில் வண்டி நிற்பதோ சில நிமிடங்கள். அதற்குள் நூறு சிப்பங்களை ஏற்றுவது ஆகாத காரியம். 2022-இல் சூரத்துக்கும் வாரணாசிக்கும் இடையே அஞ்சல் துறையும் ரயில்வேயும் கூடி வேறொரு சோதனை செய்தன: வாயிலில் வாங்கி வாயிலில் சேர்ப்பது தபால்காரர் பொறுப்பு, நடுவில் இழுப்பது ரயிலின் பொறுப்பு.

இத்தனை தடைகளுக்கு நடுவே நம் ஊரில் ஒரு வாய்ப்பு கண்ணெதிரே நிற்கிறது. இராஜபாளையத்து ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பங்கு வெளி மாநிலங்களிலிருந்து முழுச் சுமையாக வருகிறது. அது பெட்டகத்தில் வந்தால், பஞ்சுப் பேல்களை இறக்கிய பின் அப்பெட்டகம் ஆலை முற்றத்தில் வெறுமையாய் நிற்கும். வெறும் பெட்டகம் திரும்புவதற்கும் யாரோ ஒருவர் கூலி கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே திரும்பும் திசைக்குக் குறைந்த கூலி பேச இடம் உண்டு. கட்டுத்துணிக் கூடங்கள் பத்தும் சிவகாசி அச்சகங்கள் இரண்டும் அந்தப் பெட்டகத்தை நிரப்பிவிடும். ஆனால் அது நிற்கும் நாட்களுக்கு வரம்பு உண்டு; வரம்பு கடந்தால் வாடகை ஏறும். எனவே எந்த ஆலையில் எந்த நாளில் பெட்டகம் காலியாகிறது என்பதை அந்தப் பன்னிரண்டு பேரும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். இன்று அதனை அறிந்தவர் ஆலையின் கிடங்குக் கணக்கர் ஒருவரே.