திரும்பி வரும் காய்ச்சல்

குழந்தைக்கு மூக்கு ஒழுகிய முதல் நாளே மருந்துக்கடைக்கு ஓடி, சீட்டே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி ஊற்றுகிறோம். ஆறாம் நாள், விட்ட காய்ச்சல் மறுபடி அடிக்கும்போது, "சளிதானே" என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அவசரப்பட வேண்டியது எப்போது, பொறுக்க வேண்டியது எப்போது என்பதைத் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறோம்.

நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் பல குழந்தைகளின் மூக்கில் சும்மா குடியிருப்பவை. ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் மூச்சுப்பாதையைப் புண்ணாக்கி, சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களைச் சிதைக்கின்றன. சளி தேங்க, பாக்டீரியா காதுக்கோ நுரையீரலுக்கோ இறங்குகிறது. விட்ட காய்ச்சல் திரும்புவது அதன் அறிகுறியாக இருக்கலாம். 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாதான். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. முதல் நாளே ஊற்றி வைப்பது நிமோனியாவுக்குக் காப்பும் ஆகாது.

காய்ச்சல் திரும்பினால் மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாதபோது சட்டையைத் தூக்கி, முழு ஒரு நிமிடம். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. பிஞ்சுகளின் மூச்சு சீராக இராது. 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: இந்த எண்ணைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108 ஆம்புலன்ஸ். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிதான். பாட்டி வைத்தியமும் வேண்டாம், விடியட்டும் என்பதும் வேண்டாம்.

தடுப்பூசி அட்டையை எடுத்து 'பி.சி.வி.' (நிமோகாக்கஸ் தடுப்பூசி) என்ற வரியைப் பாருங்கள். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தேதிகள் இருக்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அட்டையோடு கிராம சுகாதார செவிலியரிடம் போங்கள். "அட்டை தொலைந்துவிட்டது" என்பவர்கள் அவரது பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேளுங்கள், சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

சீட்டில்லாமல் வாங்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் செஃபிக்சிம் போன்றவை 2014 முதல் 'எச்1' பட்டியலில் உள்ளவை. மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது. எத்தனை கடைகளில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்கள்? ஆய்வுக்கு வருபவர்கள் கண்ணிலும் படுவதில்லை போலும். சீட்டில்லாமல் விற்றால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுத அதுதான் ஆதாரம்.

மருத்துவரே ஆன்டிபயாட்டிக் எழுதினால் சொன்ன நாள்வரை கொடுங்கள். மிச்சத்தை அடுத்த சளிக்கென்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன், வைக்காதீர்கள். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் சிரப் ஓரிரு வாரத்துக்கு மேல் உதவாது.