தாமதம் என்னும் பகை

ஒரு வகுப்பு முழுவதும் தேர்வில் பின்தங்கினால் மாணவரை மட்டும் குறை கூறலாகாது. பள்ளியின் ஏற்பாட்டையும் ஆராய்தல் வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நான் கற்ற இப்பாடம் நோயாளிகளுக்கும் பொருந்தும் என்பதை டென்மார்க் நாடு காட்டுகிறது.

1990-களின் பிற்பகுதியில் அங்கே பெருங்குடல் புற்றுநோய் கண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தனர். அண்டை நாடுகளான சுவீடனிலும் நார்வேயிலும் நிலைமை இதனினும் மேலாக இருந்தது. டென்மார்க் வறிய நாடன்று. ஆயினும் நோய் முற்றிய பின்னரே அறியப்பட்டது. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காத்திருக்க நேர்ந்தது.

2000-இல் முதல் தேசியப் புற்றுநோய்த் திட்டம் வகுக்கப்பெற்றது. 2007-இல், புற்றுநோயை அவசர நோயாகவே கருதவேண்டுமென அரசு முடிவு செய்தது. மறு ஆண்டு முதல், ஐயம் எழுந்த நாள்தொட்டு ஒவ்வொரு படிக்கும் கெடு குறிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சையும் அனுபவமிக்க சில மருத்துவமனைகளிலேயே ஒருமுகப்படுத்தப்பட்டது. 2010 முதல் 2014 வரையிலான காலத்தில் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு அறுபதுக்கு மேலாயினர்.

2014-இல் மற்றொரு படி ஏறினர். 50 முதல் 74 வயது வரை உள்ளோர்க்கு ஈராண்டுக்கொருமுறை மலச்சோதனைக்கான சிறு கருவி அஞ்சலில் வரலாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத இரத்தமும் இச்சோதனையில் வெளிப்படும். பின்னர்க் குழாய்க்கருவியால் குடலினுள் நோக்கி, புற்றாக மாறக்கூடிய சதைமுளைகளை முன்னரே அகற்றிவிடுவர்.

புதிய மருந்து மட்டுமே உயிர் காக்கும் என்று எண்ணற்க. வீணாகும் நாட்களைக் குறைப்பதும் உயிர் காக்கும். மலத்தில் இரத்தம் கண்டால், மூலமென்று தாமே தீர்ப்பளித்துக்கொண்டு கூச்சத்தால் மறைத்தல் ஆகாது. அன்றே மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.