பியானோ கச்சேரியில் 'தனி' எங்கே வரும்?

2022 ஜூலை 28. மாமல்லபுரம் பூஞ்சேரியில் நடக்கவிருந்த செஸ் ஒலிம்பியாடுக்குத் தொடக்க விழா, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். லிடியன் நாதஸ்வரம் கண்ணைக் கட்டிக்கொண்டு பியானோ வாசித்தார். இரண்டு பியானோவை ஒரே நேரத்திலும் வாசித்தார். டிவியில் பார்த்த செங்கல்பட்டு நண்பர் ஒருத்தர் அப்புறம் கேட்டார்: "ஆர்க்கெஸ்ட்ராவோட பியானோ கச்சேரின்னு சொல்றீங்களே, அதுவும் இப்படித்தான் இருக்குமா?"

இருக்காது. லிடியனைக் குறை சொல்லவில்லை. அது ஒரு விழா மேடை, வித்தை காட்ட வேண்டிய இடம். கன்செர்ட்டோ வேறு சமாச்சாரம். அங்கே பியானோக்காரர் பாதி நேரம் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு இருக்கணும். பேத்தோவனின் நாலாவது கன்செர்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1808 டிசம்பர் 22, வியன்னாவில் குளிரில் விறைத்துப்போன ஒரு தியேட்டரில் அவரே வாசித்தார். நிகழ்ச்சி மொத்தம் நாலு மணி நேரம். அன்றைய வழக்கப்படி ஆர்க்கெஸ்ட்ராதான் முதலில் ஆரம்பிக்கும். இதில் பியானோ தனியாக, மெதுவாக, சில வரிகள் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா பதில் சொல்கிறது, அதுவும் எதிர்பாராத வேறொரு ஸ்வரஸ்தானத்திலிருந்து.

வித்தைக்கு இடமே இல்லையா? உண்டு. அதுக்குப் பேர் கடென்ஸா. முதல் பகுதி முடியப்போகிற நேரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு இடத்தில் அப்படியே நிற்கும், பியானோ மட்டும் போகும். மொசார்ட் காலத்தில் அதை அங்கேயே மனசிலிருந்து வாசிப்பார்கள். நம்ம தனி ஆவர்த்தனம் மாதிரிதான் (கேன்டீனுக்கு யாரும் எழுந்து போவதில்லை என்பது ஒரு வித்தியாசம்).

முக்கியமான வித்தியாசம் தாளம். தனியில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். மோராவும் கோர்வையும் வந்தால் எடுப்பு எங்கே என்று பாடகருக்குத் தெரிந்துவிடும். கடென்ஸாவில் எண்ணுவதற்குத் தாளமே கிடையாது, கண்டக்டர் குச்சியைக் கீழே இறக்கிவிடுவார். அப்புறம் அத்தனை பேரும் எப்படி ஒன்றாகச் சேர்வது? அதுக்குத்தான் ட்ரில். பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றி வேகமாகத் தட்டுவது. கேட்பவர்களுக்கு அது அலங்காரம். மேடையில் இருப்பவர்களுக்கு "வரேன், தயாரா இருங்க" என்கிற சமிக்ஞை.

பின்னாளில் பேத்தோவன் இந்தச் சுதந்திரத்தையும் பிடுங்கிக்கொண்டார். ஐந்தாவது கன்செர்ட்டோவில் 'இங்கே கடென்ஸா வாசிக்க வேண்டாம்' என்று தாளிலேயே எழுதிவிட்டார்.

நண்பருக்குச் சொன்னது இவ்வளவுதான்: நாலாவதைப் போட்டுப் பாருங்க. ட்ரில் ஆரம்பிச்சதும் பியானோவை விட்டுட்டு கண்டக்டரோட கையைப் பாருங்க.