ஒன்பது வளைவுப் பாலமும் ஒளியின் வேகமும்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் ஏறக்குறைய 91 மீற்றர் நீளமானது என்பது அதனருகே நிற்பவரின் அளவாகும். அதன்மீது செல்லும் புகையிரதத்திலுள்ள பயணிக்கு அந்நீளம் சற்றே குறையும் என்கிறது 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் மலைநாட்டு வண்டியில் இக்குறைவு அணுவொன்றின் விட்டத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியதாதலால் எவர் கண்ணுக்கும் படாது. ஆனால் 91 மீற்றர் நீளமான வண்டியொன்று ஒளிவேகத்தின் 60 வீதத்தில் ஓடுவதாகக் கொண்டால், பயணி பாலத்தை 73 மீற்றர் என்பார். பாலத்தருகே நிற்பவரோ வண்டியைத்தான் 73 மீற்றர் என்பார்.

ஒருவர் மற்றவருடையதைக் குறுகியதென்பது முரணாகத் தோன்றினாலும், ஓடும் பொருளின் நீளத்தை அளப்பதென்பது அதன் இரு முனைகளும் ஒரே கணத்தில் எங்கிருந்தன எனக் குறிப்பதே என்பதை நினைவிற்கொண்டால் முடிச்சு அவிழும். ஒளியின் வேகம் இருவருக்கும் ஒன்றேயாதலால், ‘ஒரே கணம்’ என்பது இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நிலத்திலுள்ளவர் ஒருசேர இட்ட இரு குறிகளையும், முன்முனைக்குரியது முந்தியும் பின்முனைக்குரியது பிந்தியும் இடப்பட்டவையாகப் பயணி காண்பார். பாடநூல்கள் நீளச் சுருக்கத்தை முதலிற் சொல்லி இந்த உடனிகழ்வுச் சிக்கலைக் கடைசிக்குத் தள்ளுவதாலேயே, அது ஏதோ கண்கட்டு வித்தையென்ற மயக்கம் மாணவரிடையே நீடிக்கிறது.

ஒளிவேகத்தை நெருங்கும் இத்தகைய வேகம் புகையிரதத்துக்கு எட்டாததாயினும், எல்லவின் வானத்திலிருந்து இடையறாது பொழியும் மியூவன்களுக்கு இயல்பானது. அண்டக் கதிர்கள் காற்றின் மேலடுக்கில் மோதுவதால், ஏறக்குறைய 15 கிலோமீற்றர் உயரத்தில் தோன்றும் இந்த நுண்துகள்களின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு மட்டுமே. அதற்குள் ஒளிகூட 660 மீற்றரே செல்லும். அக்கணக்கின்படி நூறு கோடியில் ஒரு மியூவன்கூட எல்லவை அடைய இயலாது. எனினும் ஒளிவேகத்தின் 99.8 வீதத்தில் வரும் மியூவனின் கடிகாரம் நிலத்திலுள்ளவருக்கு ஏறக்குறைய 16 மடங்கு மெதுவாக ஓடுகிறது. இதுவே கால நீட்சி. மியூவனோடு கூடவே வருபவருக்கு ஆயுள் நீளாது, மாறாக எல்லவுக்கு மேலுள்ள ஏறக்குறைய 14 கிலோமீற்றர் காற்று 900 மீற்றருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். எத்தனை துகள்கள் பிழைத்தன என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபடுவர்.

இத்துகள்களின் சிதைவு ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு நேரடிச் சான்றாகும் என்று 1938இலேயே சுட்டியவர் ஹோமி பாபா. அவர் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இன்று உதகமண்டலத்தில் கிரேப்ஸ்-3 கருவித் தொகுதியால் மியூவன்களை ஆராய்கிறது. அமெரிக்காவில் ஃபிரிஷ், சிமித் ஆகிய இருவர் 1963இல் வெளியிட்ட ஆய்வில், வாஷிங்டன் மலையில் ஏறக்குறைய 1910 மீற்றர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 560 மியூவன்களையும், கடல்மட்டத்தருகே 410ஐயும் எண்ணினர். காலம் நீளாதிருந்தால் கீழே 27 அளவில்தான் எஞ்சியிருக்கும்.

நமுனுகுல மலையுச்சி 2000 மீற்றரைத் தாண்டுவதாலும், பதுளை நகரம் 700 மீற்றருக்குக் கீழே அமைந்திருப்பதாலும், இதே ஒப்பீட்டுக்கு வேண்டிய உயர வேறுபாடு எல்ல அமைந்துள்ள ஊவா மாகாணத்துக்குள்ளேயே கிடைக்கிறது. மாகாணத்தின் பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதனை ஒருமுறை செய்துபார்க்க முன்வர வேண்டும்.