வண்டியா, கூடையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகப் பாதைகள் பல மண்சரிவில் அறுந்துபோயின. வாகனம் எட்டாத இடங்களுக்கு அரிசியும் மருந்தும் மனிதத் தோளில்தான் போய்ச் சேர்ந்தன. அப்படியொரு நாளில் நுவரெலியாப் பக்கத்து லயக் குடும்பம் எதைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது?

பெரிய சுமை தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் வைத்தால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லீற்றர், அதாவது 36 கிலோ. கலன்களோடு 40 ஆகும். 20 கிலோ கைவண்டியில் ஏற்றினால் மொத்தம் 60. சமதளத் தார்ப்பாதையில் இதை இழுக்க, ஒன்றரைக் கிலோவைத் தூக்கும் விசையே ஏறத்தாழப் போதும். 15 பாகைச் சரிவில் நிலைமை வேறு: ஏறும்போது 15 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும், இறங்கும்போது வண்டி ஏறக்குறைய அதே விசையோடு நம்மைத் தள்ளும். ஈரக் களிமண்ணில் கால் ஊன்றாது. புதைந்த சக்கரம் தான் பறித்த குழியிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். லயத்துப் படிக்கட்டில் அதற்கு வேலையே இல்லை.

கூடைக்கு அந்தத் தடை கிடையாது. நேபாளச் சுமைக்காரர்களைப் பற்றி 2005இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, நெற்றிப்பட்டியில் தொங்கும் கூடையில் ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதமும் பெண்கள் 66 சதவீதமும் சுமக்கிறார்கள். அதற்கு அவர்கள் செலவிடும் சக்தியும் வியக்கத்தக்க அளவு குறைவு. மலையில் கொழுந்தெடுத்துக் கூடையோடு மடுவத்துக்கு இறங்கும் நம் பெண்களும் தலையில் கயிறு மாட்டித்தான் சுமக்கிறார்கள். கைகள் இரண்டும் ஓய்வாக இருப்பதால் வழுக்கினால் தேயிலைச் செடியைப் பற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திறமைக்குக் கழுத்தும் முதுகும் கொடுக்கும் விலையைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. 40 கிலோவை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தயார்நிலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே தண்ணீரும் அரிசியும் வெயில் நாளிலேயே தோட்டப் பாதை வழியே வண்டியில் போய்விட வேண்டும், பாதுகாப்பான பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ. 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். வெளியேறும் நேரத்தில் கூடையில் இருக்க வேண்டியவை மருந்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைக்குப் பால்மா, டோர்ச், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல்.

எந்த இடம் பாதுகாப்பானது என்பதை அதே நிறுவனத்தின் 1:10,000 அளவுத்திட்ட நிலச்சரிவு அபாய வரைபடங்கள் காட்டுகின்றன. அவை தமிழில், ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும்.